படிவத்தோடு மாப்பிள்ளை கேட்கப் போன கதை

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். பெரியவர்கள் தட்டம் தூக்கிக்கொண்டு போவார்கள், பெண் வீட்டிலேயே இருந்து நகம் கடிப்பாள். மட்டக்களப்பு மாவட்டத்திலேயே, தானே சேலை உடுத்து, தானே தட்டம் அடுக்கிப் போய், மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு, "உங்கள் மகன் குடிப்பாரா?" என்று பேனையும் கையுமாக விசாரித்தவள் ஒருத்திதான். அது நான். (கால்மேல் கால் போடவில்லை என்று இன்றுவரை வாதாடுகிறேன். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வாவிக்கரையில், வீடில்லாதவர்களுக்கான ஒரு தங்குமிடத்தில் வேலை. பதவியின் பெயர் தனிநபர் முகாமைத்துவ உத்தியோகத்தர். அம்மாவுக்கு அதைச் சொல்ல நாக்குப் புரளாது. அயலெல்லாம் "மகள் மனேஜர்" என்று சொல்லி வைத்திருந்தார். மனேஜரிடம் இருந்தது ஒரு ஆடுகிற மேசையும், பூட்டு இல்லாத அலுமாரியும், பதினேழு ஆவணக் கோவைகளும். ஒரு கோவைக்கு ஒரு ஆள். அவர் ஏன் வீடில்லாமல் போனார், எங்கே யாரிடம் திரும்பிப் போகலாம் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஆறு நாள் பயிற்சி தந்திருந்தார்கள். அதில் எனக்குப் பதிந்தது இரண்டே விஷயம். தங்கியிருப்பவரின் இரகசியத்தை ஊருக்குக் காட்டக் கூடாது, படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. அந்த இரண்டையும் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடினேன்.

பதினோராவது கோவை தம்பிப்பிள்ளை ஐயா. வயது அறுபத்தாறு. எங்கள் ஊரில் வீடென்பது பெண்களுடையது. பிறந்த வீடு அக்கா தங்கைக்குப் போகும். பிறகு ஆண் போய் இருப்பது பெண்சாதியின் வீடு. இரண்டுக்கும் நடுவில் அவனுக்கென்று இருப்பது ஒரு சைக்கிள். ஐயாவின் மனைவி பிள்ளையில்லாமல் இறந்துபோனார். வீடு மனைவியின் தங்கை மகளுக்குப் போனது. ஒருவரும் அவரைத் துரத்தவில்லை. அந்தியில் பாயை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் நின்றுவிட்டு, ஐயா தானாகவே பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு கிரான் பக்கம் நிறைய வயல் வைத்திருந்த யாரோ ஒரு போடியாரிடம் காவல் வேலை. யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்து நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கிருந்து பஸ் நிலைய வாங்கில் படுக்கை, அங்கிருந்து எங்கள் தங்குமிடம்.

பின்னேரங்களில் ஐயா வாவிக்கரை மதிலில் ஏறி, வடக்கே பார்த்துக்கொண்டு இருப்பார். மற்றவர்கள் தொலைக்காட்சி பார்ப்பார்கள், இவர் வடக்கைப் பார்ப்பார். ஒருநாள் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன ஐயா பார்க்கிறீங்க?"

"அங்கிட்டுத்தான் மகள் மாங்கேணி. என்ர தங்கச்சி பூமணி அங்க இருக்காள்."

ஒரே ஒரு பஸ் ஏறினால் போகும் தூரம். பன்னிரண்டு வருடமாகப் போகவில்லை.

"ஏன் ஐயா போகல்ல?"

"அவள்ற மகள்ற கல்யாணத்துக்கு நான் போகல்ல. அம்மான் வெறுங்கையோட போகேலுமா? கையில ஒண்டும் இருக்கல்ல, போகாம விட்டுட்டன். மறுகா எந்த மூஞ்சோட போற?" மதிலில் படர்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "அவள்ற கையால சோறு திண்டு, அந்த வளவுக்குள்ளயே கிடந்து சாகணும் மகள். வேற ஆசை ஒண்டும் இல்ல."

அம்மான் என்றால் தாய்மாமன். எங்களிடையே கல்யாணம், காது குத்து, எதற்கும் முன்னுக்கு நிற்க வேண்டியவர். எனக்கு அப்பாவும் இல்லை, அம்மானும் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி சண்டைக் காலத்தில் ஒருநாள் காலையில் கடைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா அவருக்குத் திதியும் கொடுத்ததில்லை, அவரைப் பற்றிக் கதைத்ததும் இல்லை. ஐயா என்னை 'மகள்' என்று கூப்பிட்டபோதெல்லாம், பயிற்சியில் சொன்னபடி நான் கொஞ்சம் எட்ட நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. பின்னேரம் அந்த மதிலில் போய் இருப்பதற்காகவே வேலையைச் சீக்கிரம் முடிக்கத் தொடங்கினேன்.

ஆகவே பூமணி அக்காவிடம் ஐயாவைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். முதல் வேலை வீட்டுத் தரிசிப்பு, அதாவது வீட்டை நேரில் போய்ப் பார்த்து விசாரிப்பது. தொலைபேசி இலக்கம் இல்லாததால் முன்னறிவித்தல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டேன். ஐயா ஒரே பிடியாக நின்றார், வெறுங்கையோடு வரமாட்டேன் என்று. சரி என்று ஒரு தட்டம் வாங்கி, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு கதலி, சீனி, பிஸ்கட் எல்லாம் அடுக்கி, தூசி படாமல் இருக்க மேலே ஒரு பட்டுத் துணியும் போட்டேன். ஐயாவுக்குப் புது வேட்டி, வெள்ளைச் சேட், தோளில் சால்வை. மரியாதையாக உடுத்துப் போங்கள் என்று பணிப்பாளர் சொல்லியிருந்தார், நான் அம்மாவின் மாம்பழ நிறச் சேலையை எடுத்தேன். புறப்படும்போது அம்மா பழக்கதோஷத்தில் தலையில் பூவும் வைத்துவிட்டார். போவதற்கு எங்களிடம் இருந்த வண்டி ஒரு வான், அதன் இரண்டு பக்கமும் தங்குமிடத்தின் பெயர் பெரிதாக இருக்கும். அதோடு போய் இறங்கினால் ஐயாவின் கதை ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே? இரகசியம் காக்க வேண்டும். பெயர் தெரியாமல் இரண்டு பக்கமும் வண்ணத் தாளை ஒட்டினேன். இருந்தது சிவப்பும் மஞ்சளும்தான்.

சாரதி கபூர் நானா ஏறாவூர்க்காரர். வானைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது வேற மாதிரிக் கிடக்கே."

"நேரம் போகுது நானா, எடுங்க" என்றேன். (மனேஜர் அல்லவா.)

வழி நெடுக ஐயா தட்டத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதிலிருந்து மேல் துணியை நீவிக்கொண்டே இருந்தார். மாங்கேணியில் குழாயடியில் நின்ற ஒரு பெண்ணிடம், "பூமணி அக்காட வீடு எது?" என்று கேட்டேன். அவள் கையைக் காட்டிவிட்டு வானுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கு ஒழுங்கை வழியாக ஓடினாள். ஏன் ஓடுகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

நாங்கள் போய் இறங்கியபோது முற்றத்தில் அரைவாசி கூட்டப்பட்டிருந்தது, விளக்குமாறு நடு முற்றத்தில் கிடந்தது. அந்த வீட்டு மருமகன் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிணற்றடியில் தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்ற ஒரு ஆள் எங்களைக் கண்டதும் நுரையோடேயே பின்பக்கமாக ஓடி மறைந்தார். அவர்தான் பூமணி அக்காவின் மகன் சுரேன், பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றில் வேலை, முதல் நாள்தான் லீவில் வந்தவர். முப்பத்து மூன்று வயது, கல்யாணமாகவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

பூமணி அக்கா வெளியே வந்தார். ஐயாவைக் கண்டார். அப்படியே வாசலில் நின்றுவிட்டார்.

"அண்ணன்?"

ஐயா இரண்டடி முன்னால் வந்தார். தட்டத்தை மட்டும் நீட்டினார். அதை வாங்கியவரின் கண் துணியிலும் வெற்றிலையிலும் போய், பிறகு என்னிடம் வந்து, தலையிலிருந்து கால்வரை இறங்கியது. அழத் தொடங்கினார்.

"பன்னெண்டு வருசம் கா! எங்கள மறந்திட்டாரு எண்டு இருந்தனே. என்ர புள்ளைக்கு ஒரு வழி பாத்துக்கிட்டா அண்ணன் வாற? இருங்க, உள்ளுக்கு வாங்க, வா புள்ள நீயும்."

'வரவேற்பு: மிகச் சிறப்பு' என்று நான் படிவத்தில் எழுதினேன். ஐயாவின் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருடக் கோபம் ஒரு தட்டத்தில் கரைந்ததை அவர் கண்டுவிட்டார், அதற்குப் பிறகு எப்படி இல்லை என்று சொல்வார்?

எல்லோரும் கதிரைகளில் இருந்ததும் நான் பேனையை எடுத்தேன். வீட்டுத் தரிசிப்பில் உத்தியோகத்தர் கேட்க வேண்டிய கேள்விகள் இருபத்திரண்டு.

"வீட்டில எத்தனை அறை?"

"மூண்டு, புள்ள" என்றார் மருமகன், பெருமையாக.

"மலசலகூடம் உள்ளுக்கா வெளியிலா?"

"வெளியில. ஆனா டைல்ஸ் போட்டது."

"ஆருக்காவது நீண்டகால நோய் இருக்கா? சீனி, பிரஷர்?"

பூமணி அக்கா தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இந்தக் காலத்துப் புள்ளைகள் எல்லாத்தையும் கேட்டுத்தான் செய்யுதுகள்" என்று மருமகன் சமாளித்தார்.

அப்போதுதான் சுரேன் வந்தார். நீல நிற நீளக்கைச் சேட், காதுமடலில் இன்னும் நுரை. எனக்கு நேர் எதிரே இருந்த கதிரையில் அவரை இருத்தினார்கள். கேள்வி இலக்கம் பதினான்கு: வீட்டில் வயதுவந்த ஆண்களின் குடிப்பழக்கம்.

"மகன் குடிப்பாரா?" என்று கேட்டேன்.

சுரேன் எழுந்து நின்று, "பார்ட்டி எண்டா மட்டும் ஒரு பியர், மிஸ்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

"கோபம் வந்தா ஆருக்காவது அடிக்கிற பழக்கம்?"

"இல்ல மிஸ்!"

பூமணி அக்கா வாஞ்சையோடு என் பக்கம் குனிந்தார். "அப்ப புள்ளைக்கு எல்லாம் பிடிச்சிருக்கா?"

ஐயாவை இந்த வீட்டில் சேர்ப்பதைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மனம் நிறைந்து, "எனக்குப் பூரண சம்மதம்" என்றேன். விறாந்தையில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. வெளியே வானில் சாய்ந்து நின்ற கபூர் நானா தலையில் கை வைத்ததைக் கண்டேன், அதுவும் எனக்கு விளங்கவில்லை.

மருமகன் கதிரையை ஐயாவின் பக்கம் இழுத்துப் போட்டார். "அப்ப மாமா, பெண்ட பக்கம் என்ன மாதிரி? வீடு வளவு?"

ஐயா சால்வையைச் சரிசெய்தார். தங்குமிடத்தில் சாப்பாட்டுக் கோப்பையைக்கூட மெல்ல நீட்டுகிற அந்த மனிதர், நெஞ்சை நிமிர்த்தி, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"என்ர மருமகளுக்கு வாவிக்கரையில கல்வீடு கிடக்கு. கிரான் வட்டையில அஞ்சு ஏக்கர் வயல் கிடக்கு, ரெண்டு போகமும் விளையும். அவள் படிச்ச புள்ள, உத்தியோகம். அவளுக்குத் தகப்பன் இல்லாட்டி என்ன, அம்மான் நான் இருக்கிறன்தானே."

அந்த வயல் அவர் காவல் இருந்த வயல். அந்தக் கல்வீடு எங்கள் தங்குமிடம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைப் பூ, சேலை, சுரேனின் காதில் நுரை, இருபத்திரண்டு கேள்வி, பூரண சம்மதம்.

ஆனாலும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. பயத்தினால் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். எனக்குப் பிடித்திருந்தது. எனக்காக ஒருவர் சால்வையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் பேசுவதை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். அம்மாவும் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லாத ஐந்து ஏக்கரைப் பற்றி அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை வந்து வீட்டையும் காணி உறுதியையும் பாப்பம்" என்றார் மருமகன்.

அதோடு என் தைரியம் போனது. நான் எழுந்து நின்றேன். பயிற்சியில் படித்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "ஐயா எமது தங்குமிடத்தின் பயனாளி. நான் அவருடைய தனிநபர் முகாமைத்துவ உத்தியோகத்தர். குடும்ப மீளிணைப்பின் சாத்தியப்பாட்டை ஆராயவே நாங்கள் வருகை தந்தோம்."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மருமகன் கபூர் நானாவைப் பார்த்தார். நானா தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தார்.

"அவருக்கு இருக்க இடம் இல்ல தம்பி. வீடு வாசல் இல்லாத ஆக்கள் இருக்கிற இடத்தில இருக்காரு. இஞ்ச வெச்சுப் பாப்பீங்களா எண்டு கேக்க வந்த."

ஐயா தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தார். நாலாக மடித்து மடியில் வைத்தார். சுரேன்தான் முதலில் பேசினார், பாவம்.

"அப்ப நான் சேட் போட்டது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பூமணி அக்கா எழுந்து குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சோறும் மீன் சொதியும் முருங்கைக்காய்க் கறியுமாக வந்து, அண்ணனுக்கு முன்னால் பாய் விரித்து வைத்தார். பக்கத்தில் குந்தியிருந்து, கேட்காமலே மூன்று தரம் சோறு போட்டார். ஐயா தலை நிமிராமல் அவ்வளவையும் சாப்பிட்டார். எங்களுக்கும் போட்டார்கள்.

கை கழுவப் போன இடத்தில், கிணற்றடியில், பூமணி அக்கா என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"வீடு என்ர இல்ல புள்ள. மகளுக்கு எழுதிக் குடுத்தாச்சு. நானே குசினியோட சாய்ச்சு இறக்கின பத்தியிலதான் படுக்கிற. சுரேன ஒரு இடத்தில சேத்திட்டா அந்த அறை அவள்ற பிள்ளைகளுக்கு. அதுக்குத்தான் எல்லாரும் இப்பிடி ஓடித் திரிஞ்சது. அண்ணன நான் எங்க வெக்கிற?"

"மருமகனிட்ட கேட்டுப் பார்க்கலாமே அக்கா?"

"நல்ல மனிசன். ஆனா நான் கேக்க மாட்டன். கேட்டு அவர் ஏலா எண்டிட்டா, மறுகா நானும் இந்த வளவுக்குள்ள இருக்கேலா புள்ள."

படிவத்தில் வீட்டு உரிமையாளர் என்ற கட்டத்தில் நான் 'சகோதரி' என்று எழுதியிருந்தேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்து, மகளைக் கட்டிக் கொடுத்த தாய்க்கு வீடு மிஞ்சியிருக்கும் என்று நினைத்திருக்கிறேன். ஆறு நாள் பயிற்சி என்னை அவ்வளவு தூரம் கெடுத்துவிட்டிருந்தது.

புறப்படும்போது அக்கா தட்டத்தை வெறுமையாகத் தரவில்லை. ஒரு பொட்டலம் கருவாட்டை வைத்துத் தந்தார். வாசல்வரை வந்து, அண்ணனின் சேட் கையை ஒரு தரம் பிடித்து, பிறகு விட்டார். வானின் சிவப்புத் தாள் காற்றுக்குப் பிய்ந்து, தங்குமிடத்தின் பெயரில் பாதி வெளியே தெரிந்தது. இனி மறைத்து என்ன?

வாழைச்சேனை வரை நான் அழுதுகொண்டே வந்தேன். "நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது ஐயா."

"நீ சொன்னதுதான் சரி மகள். இல்லாட்டி வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு ஏக்கருக்கு நான் எங்க போற?" என்றார். கபூர் நானா சிரிப்பை அடக்க மாட்டாமல் வானை ஓரம் கட்டினார். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு ஐயா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார், "ஆனா அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருந்திச்சு மகள்."

"எனக்கும்தான்" என்றேன்.

பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு வைத்து ஒரு மணித்தியாலம் பேசினார். வண்ணத் தாளைப் பற்றி மட்டும் இருபது நிமிடம். பூமணி அக்கா அதன்பிறகு மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, சோற்றுப் பொட்டலத்தை மதிலில் வைத்து அண்ணனுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போவார். ஐயா அந்த நாட்களில் மட்டும் வடக்கே பார்க்க மாட்டார்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு உண்மையாகவே மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டி வந்தது. அம்மாவோடு போக ஆண் துணை இல்லை. ஐயாவிடம் கேட்டேன். சால்வையை எடுத்து உதறினார். வயலைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று மூன்று முறை சத்தியம் வாங்கித்தான் அனுப்பினேன். வெற்றிலை மாற்றும்வரை தாக்குப்பிடித்தாராம். பிறகு வாய் தவறி ஐந்து ஏக்கர் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீடோ கிரான். மாமனார் தலைமுறை தலைமுறையாக விவசாயி. "எந்த இடத்தில?" என்று கேட்டிருக்கிறார். "வெள்ளம் வத்தட்டும், காட்டுறன்" என்று ஐயா சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். தன் தம்பி போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

இப்போது ஐயாவுக்கு எண்பதை எட்டப் போகிறது. இன்னும் அதே தங்குமிடம்தான். ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் நான் போய்க் கூட்டி வருவேன். என் கணவர் சோறு பரிமாறும்போதே தொடங்கிவிடுவார், "அம்மான், வெள்ளம் வத்திட்டா?" ஐயா யோசித்து, ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் காரணம் சொல்லுவார். பின்னேரம் நாலு மணிக்குச் செருப்பைத் தேடுவார். எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் அம்மா, மற்றதில் நாங்கள் மூவரும். நில்லுங்கள் என்று சொல்ல ஒவ்வொரு வருடமும் எனக்கு வாய் வரும். சொன்னதில்லை. கிணற்றடியில் பூமணி அக்கா தண்ணீர் ஊற்றியபோது நான் அவரை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் என்று நினைத்து, செருப்பை எடுத்து ஐயாவின் காலடியில் வைப்பேன்.

போன சித்திரைக்கு என் ஆறு வயது மகள் அந்தச் செருப்பைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "போக வேணா. இஞ்சயே இருங்க."

நானும் கணவரும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஐயாதான் எங்களைக் காப்பாற்றினார். குனிந்து அவள் கன்னத்தைப் பிடித்து, "எங்கட ஊரில வீடு பொம்பிளைப் புள்ளைக்குத்தான் மகள். அம்மா உன்ர பேருக்கு எழுதட்டும், நான் பையத் தூக்கிக்கிட்டு வாறன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்காமல் செருப்பைக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், விருந்தாளிகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் வந்து என் மடியில் ஏறிக் கேட்கிறாள்: "அம்மா, வீட்டை எப்ப என்ர பேருக்கு எழுதுவீங்க?" இந்த வயதிலேயே இவ்வளவு ஆசையா என்று வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். நாங்கள் சிரித்துச் சமாளிக்கிறோம். அவள் சிரிப்பதில்லை, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.